பெயரறிந்து நடுவோம், பெயரறிந்து பிடுங்குவோம்

வியாழக்கிழமை மாலையில் விவேக் நகர்ப் பக்கம் வந்திருக்கும் அன்பர்களுக்கு எங்கள் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வருகிற கூட்டத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். மெழுகுவர்த்திக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டினால் சாக்கு விரித்துக் கீரை விற்பவர்கள் இருப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை அங்கே என் மனைவி வாங்கி வந்த ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கீரையை ஆய்ந்த பிறகு மிஞ்சிய தண்டுகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1979-ல் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துப் பெங்களூர் வந்தவன் நான். வீட்டின் பின்புறத்தில் பன்னிரண்டடிக்கு எட்டடி மண்தரையைச் சிமெண்ட் பூச விடாமல் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, நாலு வாழை, கொஞ்சம் துளசி. துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் வழிந்தோடும் ஓரத்தில் அந்தத் தண்டுகளை ஊன்றி வைத்தேன்.

பத்தே நாளில் துளிர்த்தது. ஒரு மாதத்தில் ஓரம் முழுவதும் பச்சைப் பாய் விரித்தது. "உங்கள் கைராசி" என்றாள் மனைவி. எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. வாரம் இருமுறை பொரியலும் கூட்டும் நடந்தன. கண்ணுக்கு நல்லது என்று சொல்லி, எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஒன்பது வீடுகளுக்குத் தண்டு கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் எங்கே ஊன்ற வேண்டும் என்று நின்று சொல்லிக் கொடுத்துவிட்டும் வந்தேன்.

எதிர்வீட்டுக் கன்னட மூதாட்டி கோலார்ப் பக்கத்தவர். எண்பது வயதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'அஜ்ஜி'. ஒரு நாள் பின்புறம் வந்தவர், கொடியில் ஒரு தண்டை ஒடித்து, துளை தெரிகிற முனையை என் கண்ணெதிரே நீட்டினார். பிறகு, காம்பின் நுனியில் நின்ற வெள்ளைப் பூவையும் காட்டினார். "இது நம்ம சொப்பு அல்லப்பா" என்றார். அந்தக் கன்னடத்தைப் புரிந்துகொள்ள எந்தத் தமிழனுக்கும் அகராதி தேவையில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஒரு கிளையை எடுத்துப் போனேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். அஜ்ஜி சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

இரண்டு பொன்னாங்கண்ணி

நம் பொன்னாங்கண்ணிக்குத் தாவரவியலில் ஆல்டர்னாந்தீரா செஸ்ஸைலிஸ் என்று பெயர். 'செஸ்ஸைலிஸ்' என்றால் காம்பில்லாதது என்று பொருள். இலையும் தண்டும் சேருகிற கணுவிலேயே சிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். என் தோட்டத்தில் இருந்ததற்குப் பெயர் ஆல்டர்னாந்தீரா பிலாக்சிராய்டிஸ். ஆங்கிலத்தில் 'அலிகேட்டர் வீட்', அதாவது முதலைக்களை என்பார்கள். அதன் பூ, கணுவிலிருந்து ஓரிரு அங்குலம் நீண்ட தனிக் காம்பின் நுனியில், வெள்ளைக் காகிதத்தால் செய்த சிறு பந்து போல நிற்கும். இரண்டும் ஒரே பேரினம். இலைகள் எதிரெதிராக அமைவதும் ஒன்றுதான். பூக்காத நிலையில் கட்டாகக் கட்டிவிட்டால் பழகிய கண்ணும் ஏமாறும்.

தண்டு உள்ளே குழலாக இருந்தால் அது முதலைக்களை என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. நம் பொன்னாங்கண்ணியும் தண்ணீரில் மிதந்து வளர்ந்தால் தண்டு ஊதிக் குழலாகும். பூவைப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. அஜ்ஜி தண்டை ஒடித்ததோடு நில்லாமல் பூவையும் காட்டியதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதலைக்களையின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் பரானா ஆற்றுப் பகுதி. அங்கே அதைத் தின்று அடக்கி வைக்கப் பூச்சிகள் உண்டு. இங்கே அந்தக் கட்டுப்பாடு கிடையாது. குடியேறிய நாடுகளில் அது பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை. ஒரு கணு உள்ள துண்டு போதும், வேர்விட்டுவிடும். தரையிலும் வளரும், தண்ணீரின் மேல் மெத்தை போலவும் படரும். பெங்களூரில் கழிவுநீர் சேரும் ஏரிகளின் ஓரங்களில் அடர்ந்து கிடப்பதில் இதுவும் ஒன்று. கழிவுநீரில் வளர்கிற கீரை, அந்த நீரில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, ஏரிக்கரையில் அறுத்த முதலைக்களை கீரைக் கட்டாகச் சமையலறைக்கு வந்தால் பெயர்ப் பிழையோடு விஷயம் முடிவதில்லை.

கீரை விற்ற அந்த அம்மாளை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்ணுக்கும் அது பொன்னாங்கண்ணிதான். மண்ணில் பிறந்து வளர்ந்து, அதை ஊன்றி, ஒன்பது வீட்டுக்கும் கொடுத்த எனக்கே தெரியவில்லையே!

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் தெருமுனை வடிகால் அடைத்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடைப்பை எடுத்த பணியாளர்கள் கரையில் போட்ட குவியலில் பிளாஸ்டிக் பைகளே அதிகம். ஆனால் அந்தப் பைகளையெல்லாம் வலை போலப் பின்னிப் பிடித்திருந்தது ஒரு பச்சைக் கொடி. காம்பு நீண்ட வெள்ளைப் பூ அதில் இருந்தது. நான் தண்டு கொடுத்த வீடுகளில் ஒன்றில், அதிகமாக வளர்ந்ததை வெட்டி வடிகாலில் போட்டிருக்கிறார்கள். எங்கள் பகுதி மழைநீர் கோரமங்கலா பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரிக்குப் போய்ச் சேருகிறது. 2015-லும் 2017-லும் 2018-லும் நீரின் மேல் தீப்பற்றி எரிந்த அதே ஏரிதான். அந்த ஏரியின் துன்பத்துக்குக் காரணங்கள் பெரியவை. ஆனாலும் என் கைராசியும் ஒரு கைப்பிடி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

இப்படி ஏமாந்தவன் நான் மட்டும் அல்ல என்று ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். ஊரை விட்டு வெளியே வாழும் நம்மைப் போன்றவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இந்தக் களை முதலில் கண்டறியப்பட்டது 1946-ல், நியூகாசில் துறைமுகத்தை அடுத்த இடத்தில். கப்பல்களின் நிறைசுமையோடு வந்திருக்கலாம் என்பது கணிப்பு. அந்நாட்டு அரசுகள் பெரும் செலவில் அதை எதிர்த்து வந்தன. 1990-களில் அதிகாரிகளுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஆற்றிலும் குளத்திலும் தேடிக்கொண்டிருந்த களை, நகரங்களில் வீட்டுப் பின்புறங்களில் பாத்தி கட்டி, நீர் ஊற்றி, ஆசையோடு வளர்க்கப்பட்டு வந்தது. வளர்த்தவர்கள் இலங்கையிலிருந்து குடியேறிய குடும்பங்கள். சிங்களத்தில் முகுனுவென்ன என்பதும் யாழ்ப்பாணத்தில் பொன்னாங்காணி என்பதும் நம் பொன்னாங்கண்ணியைத்தான். தங்கள் ஊர்க் கீரை என்று நம்பி, ஒருவருக்கொருவர் தண்டு கொடுத்து உதவி, விக்டோரியா மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அது பரவியிருந்தது.

அங்கே செய்த காரியம் பாராட்டத்தக்கது. வீடு வீடாகப் போய்க் களையை அகற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. இந்த மக்கள் ஏன் இதை வளர்க்கிறார்கள் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, அதே பேரினத்தைச் சேர்ந்த, ஆஸ்திரேலிய மண்ணுக்கே உரிய ஆல்டர்னாந்தீரா டென்டிகுலேட்டா என்ற செடியை மாற்றாகக் கொடுத்தார்கள். சுவையிலும் தோற்றத்திலும் அது நம் பொன்னாங்கண்ணிக்கு நெருங்கியது. பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. மக்களுக்குக் கீரை கிடைத்தது, ஆறும் தப்பியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ச் செடியின் மேல் பாசம் அதிகம். அந்தப் பாசம் கண்ணை மறைக்கும். சொந்த ஊரில் இருந்தால் தவறான செடியைக் கண்டதும் 'இது அது இல்லை' என்று சொல்லப் பாட்டியோ பக்கத்து வயல்காரரோ இருப்பார். வெளியூரில் அந்தக் குரல் இல்லை. பெயர் மட்டும் நம்மோடு பயணம் வருகிறது. செடியை அடையாளம் காணும் அறிவு ஊரிலேயே தங்கிவிடுகிறது.

நாடும் சீமையும்

இந்தக் கதையைச் சங்க நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "நாமே மூட்டை கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர்கள். செடிகளில் உள்ளூர், வெளியூர் என்று பிரித்துப் பேச நமக்கு என்ன ஐயா யோக்கியதை?" என்றார். கேள்வியில் ஒரு வலியும் இருந்தது. இந்த நகரில் வாழும் தமிழனுக்கு அந்தச் சொற்கள் வெறும் தாவரவியல் சொற்கள் அல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செடிக்கு உரிய அளவுகோலை மனிதருக்கு வைப்பது தவறு. மனிதர் பேசலாம், கற்கலாம், அண்டை வீட்டாரோடு இணங்கி வாழலாம். ஆனால் நண்பரின் கேள்விக்குத் தாவரவியலே நல்ல விடை வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வந்தது எல்லாம் ஆக்கிரமிப்பது அல்ல. பிறந்த இடத்தைச் சொல்வது ஒரு செய்தி, நடத்தையைச் சொல்வது வேறு செய்தி. இரண்டையும் குழப்புகிறோம்.

பெங்களூரின் அழகையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு முன் ஊதா நிறமாகப் பூக்கும் ஜகரண்டாவும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் டபேபுயாவும் தென்னமெரிக்கப் பக்கத்தவை. குல்மோஹரின் ஊர் மடகாஸ்கர். தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்க வெப்பமண்டலத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லால்பாக்கின் பொறுப்பை ஏற்ற குரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி சாலைகளில் மரங்களைத் திட்டமிட்டு வைத்தார். ஜெர்மனியில் பிறந்த அவர் 1956-ல் பெங்களூரிலேயே மறைந்தார். அவர் வைத்த வெளிநாட்டு மரங்களில் பல, வைத்த இடத்தில் நின்று நிழல் தருகின்றன. அவற்றை யாரும் வெட்டச் சொல்லவில்லை.

நம் சமையலறைக்கு வருவோம். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கடல் கடந்து வந்தவையே. மஞ்சள் காமாலைக்கு நம் வைத்தியர்கள் தருகிற கீழாநெல்லிகூட அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி என்றே இன்றைய தாவரவியலார் சொல்கிறார்கள். வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழிந்துவிடும் கிணற்றடிப்பூண்டு மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்தது. அவை வந்து நம் மருந்துப் பெட்டியில் இடம் பிடித்துவிட்டன. இதைக் கேட்டு வருத்தப்பட ஒன்றுமில்லை.

நம் மொழியே இந்த வேறுபாட்டைப் பழகியிருக்கிறது. 'நாட்டு' என்றும் 'சீமை' என்றும் முன்னொட்டுச் சேர்த்து நம் முன்னோர் செடிகளுக்குப் பெயர் வைத்தார்கள். நாட்டுப் பொன்னாங்கண்ணி, சிவந்த இலையுள்ள சீமைப் பொன்னாங்கண்ணி. வீட்டு அகத்தி, படர்தாமரைக்குப் பூசும் சீமை அகத்தி. 'சீமை' என்பதற்கு வந்த இடம் வேறு என்ற அளவில்தான் பொருள். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு அதில் இல்லை. சீமை அகத்தி மருந்தாயிற்று. சீமைக் கருவேலமோ இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பிவிட்டது. ஒரே முன்னொட்டு, இரண்டு நடத்தை. தமிழ்நாடு அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இதுதான். ஒரு செடி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். வேலி தாண்டிப் போகிறதா? பக்கத்தில் இன்னொரு செடியை வாழ விடுகிறதா? பறவையோ பூச்சியோ அதைத் தின்று அளவில் வைக்கின்றனவா? அது வடிகாலையோ காட்டையோ ஏரியையோ அடைந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகே அதற்கு நம் தோட்டத்தில் இடம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

தோட்டத்தில் பார்க்க வேண்டியவை

இப்போது எங்கள் பன்னிரண்டடிக்கு எட்டடியில் நான் கற்றுக்கொண்டதை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பார்த்தீனியம். பெங்களூரில் காலிமனை இருக்கும் இடமெல்லாம் இது இருக்கும். இளஞ்செடி தரையோடு தட்டாகப் படிந்து, கேரட் இலை போலப் பிளந்த இலைகளோடு இருக்கும். அதைப் பார்த்து மாசிப்பத்திரி என்று எண்ணிப் பூத்தொட்டியில் காப்பாற்றியவர்களை நான் அறிவேன். மாசிப்பத்திரியின் இலையைக் கசக்கினால் நறுமணம் வரும். பார்த்தீனியத்தைக் கசக்கிப் பார்க்க வேண்டாம், ஏனெனில் அது தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். என் மைத்துனர் காலிமனையைச் சுத்தம் செய்யப் போய்க் கழுத்திலும் முழங்கையிலும் ஆறு மாதம் அவதிப்பட்டார். இந்தியாவில் இது 1950-களின் நடுவில் புனேயில் கவனத்துக்கு வந்தது. கர்நாடக அரசு 1975-லேயே இதைத் தீங்கான களை என்று அறிவித்தது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைத் தருவித்து, 1984-ல் இங்கேயே அதை விட்டது. மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையைச் சல்லடையாக்கும் வண்டு அதுவே. ஆனால் ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை தரும். வண்டை மட்டும் நம்பி இருக்க முடியாது. வெள்ளைப் பூ வருவதற்கு முன், கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு, வேரோடு பிடுங்க வேண்டும்.

அடுத்தது உண்ணிச்செடி. மஞ்சளும் ரோஜா நிறமும் கலந்த பூவுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட இது, இன்று பந்திப்பூர்க் காட்டையும் மாதேஸ்வரன் மலையையும் நிறைத்திருக்கிறது. யானைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் செய்கிறது. மாதேஸ்வரன் மலையின் சோலிகர் பழங்குடியினர் அந்தக் குச்சியில் நாற்காலியும் கூடையும் செய்து அதைப் பிழைப்பாக்கியிருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் லால்பாக்கில் உண்ணிக்குச்சியால் செய்த ஆளுயர யானைகளைக் கண்டு வியந்தவர்கள் நம்மில் பலர். வீட்டுத் தொட்டியில் உள்ள உண்ணிச்செடியின் பழத்தைக் குருவி தின்று எங்கே எச்சமிடும் என்பது நம் கையில் இல்லை.

பொன்னாங்கண்ணியைப் போலவே ஏமாற்றும் இன்னொரு ஜோடி உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்கிற பொற்றலைக் கையாந்தகரையைச் சிலர் ஆசையாகத் தேடுவார்கள். நாற்றுப் பண்ணையில் தரை மூடும் அழகுச் செடியாக விற்கும் 'சிங்கப்பூர் டெய்சி'யை அதுவென்று நினைத்து வாங்கி வருவார்கள். இரண்டுக்கும் மஞ்சள் பூ. ஆனால் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி, சொரசொரப்பாக, மடல் பிரியாமல் இருக்கும். டெய்சியின் இலை பளபளப்பாக, இரு பக்கமும் மடல் விட்டு மூன்றாகப் பிரிந்தது போலத் தெரியும். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த டெய்சி இருக்கிறது. உண்ணிச்செடியும், நம் அல்சூர் ஏரி கண்ட ஆகாயத்தாமரையும் அதே பட்டியலில் உள்ளவைதான். மருந்து என்று எண்ணி டெய்சியை அரைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க நம் உடம்பு ஆய்வுக்கூடம் அல்ல.

இனி, நாம் களை என்று எறிந்துவிடும் நம் சொந்தச் செடிகள். தும்பை, குப்பைமேனி, நாயுருவி, துத்தி, வல்லாரை, எருக்கு. வாரம் ஒருமுறை ஆளை விட்டுத் 'தோட்டத்தைச் சுத்தம் செய்' என்கிறோம். அவர் தும்பையைப் பிடுங்கிவிட்டு டெய்சியை விட்டுவைக்கிறார். ஏனென்றால் டெய்சி காசு கொடுத்து வாங்கியது போல இருக்கிறது, தும்பை தானாக வந்தது. இதுதான் தலைகீழ் நியாயம். எருக்கை வெட்டினால், எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு வழியில்லை. புழு இல்லாமல் பட்டாம்பூச்சி மட்டும் வேண்டும் என்றால் எப்படி வரும்?

என் முறை இப்போது எளிது. தானாக முளைத்த செடியை உடனே பிடுங்குவதில்லை, பூக்கும் வரை தொட்டியில் தனியாக வைத்துப் பார்க்கிறேன். விதிவிலக்கு பார்த்தீனியம். இலை எதிரெதிரா மாறி மாறியா, தண்டு உருளையா சதுரமா, பால் வருகிறதா, பூ கணுவில் ஒட்டியிருக்கிறதா காம்பில் நிற்கிறதா என்று ஒரு பழைய நோட்டில் எழுதுகிறேன். கைபேசிச் செயலியில் படம் பிடித்தும் பார்ப்பதுண்டு. அது பேரினம் வரை பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. அண்ணன் தம்பிச் செடிகளில் தடுமாறுகிறது. ஆகவே தெரிந்தவர் இருவரிடமாவது கேட்கிறேன். இரண்டு பேரும் ஒரே பெயர் சொல்லாதவரை அது சட்டிக்குள் போகாது. பிடுங்கிய முதலைக்களையை வடிகாலிலோ உரக்குழியிலோ போடாமல், மொட்டைமாடிச் சிமெண்ட் தரையில் சருகாகும்வரை காயவைத்து அகற்றுகிறேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒன்பது வீட்டுக்கும் மீண்டும் போனேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எளிதல்ல. ஏழு வீட்டில் சிரித்துக்கொண்டே பிடுங்கினார்கள். ஒரு வீட்டில், "போன வருஷம் நீங்கதானே சார் கண்ணுக்கு நல்லதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இன்னொரு வீட்டில் பூட்டு. அவர்கள் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போயிருக்கிறார்கள். சுற்றுச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால் அந்த வீட்டுத் தரை முழுதும் பச்சை. இன்றும் மழை வரும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டு ஞாபகம் வருகிறது.

எங்கள் அஜ்ஜிக்குத் தெரிந்ததை எழுதி வைத்தவர் யாருமில்லை. அவருக்கு நெலநெல்லி, நமக்குக் கீழாநெல்லி. அவருக்கு ஒந்தெலக, நமக்கு வல்லாரை. அவருக்குத் தும்பே, நமக்குத் தும்பை. அவருக்கு ஹொன்னகொன்னே, நமக்குப் பொன்னாங்கண்ணி. பொன்னும் ஹொன்னும் ஒன்றுதானே! அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருபது வருடம் இருந்தோம். ஒரு செடியின் பெயரை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள எங்களுக்கு ஒரு களை வேண்டியிருந்தது.

நூலறிவுக்கும் இந்த ஊரில் குறைவில்லை. தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய பாதிரியார் சிசில் சல்தானா கர்நாடகத்தின் தாவரங்களைச் சேகரித்து நூல்களாக்கினார். அவர் சேர்த்த உலர்செடித் தொகுப்பு இன்று இந்திய அறிவியல் கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அந்த அறிவு ஆங்கிலத்திலும் லத்தீனிலும் இருக்கிறது. அஜ்ஜியின் அறிவு கன்னடத்தில் இருக்கிறது. நம் பாட்டிகளின் அறிவு தமிழில் இருந்தது. மூன்றையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளாக நம் சங்கம் இருக்கலாமே என்பதுதான் என் கருத்து. பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் நடக்கட்டும். அவற்றோடு, மழைக்காலம் தொடங்கியதும் ஒரு ஞாயிறு காலை, உறுப்பினர் வீட்டுத் தோட்டம் ஒன்றிலோ பூங்காவிலோ கூடுவோம். கன்னட நண்பர்களையும் வயதானவர்களையும் அழைப்போம். ஒரு தாவரவியல் ஆசிரியரை நடுவராக வைப்போம். ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், ஊர், நடத்தை ஆகிய நான்கையும் எழுதுவோம். பிள்ளைகள் படம் வரையட்டும். ஆண்டு முடிவில் அது ஒரு சிறு கையேடாகும். பிடுங்கச் சொல்லும் செடிக்குப் பதில் எதை நடலாம் என்பதும், ஆஸ்திரேலியாவில் செய்தது போல, அதில் இருக்க வேண்டும். தண்டு கொடுப்பவர், சரியான நாட்டுப் பொன்னாங்கண்ணித் தண்டைக் கொடுக்கட்டும்.

அப்படிப்பட்ட தண்டு இப்போது எங்கள் வீட்டில் ஒரு தொட்டி நிறைய இருக்கிறது. அஜ்ஜியின் தம்பி கோலாரிலிருந்து கொண்டுவந்தது. பூ கணுவில் ஒட்டித்தான் பூத்திருக்கிறது, ஆசிரியையும் பார்த்துச் சரி என்றார். வேண்டிய அன்பர்கள் சங்கக் கூட்டத்தில் என்னைக் கேட்கலாம். ஆனால் நான் கொடுத்தேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். பூக்கும் வரை காத்திருந்து, பூவைப் பார்த்துவிட்டு, பிறகு சமையுங்கள்.